செய்து கற்கும் அறிவியல்: ஹோஷங்காபாத் முதல் 50,000 அடல் ஆய்வகங்கள் வரை

புது தில்லி: அடுத்த ஐந்து ஆண்டுகளில் நாட்டின் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2016-ல் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ் அதுவரை அமைக்கப்பட்டிருந்த ஆய்வகங்களின் எண்ணிக்கை சுமார் 10,000. அதைப் போல் ஐந்து மடங்கு ஆய்வகங்களைப் புதிதாக, அதுவும் அரசுப் பள்ளிகளில் மட்டும் அமைப்பது என்பது, மாணவர்களிடம் கட்டணம் பெறாமல் நடத்தப்படும் செய்முறை அறிவியல் கல்வியில் இந்தியா எடுத்துள்ள பெரிய முயற்சிகளுள் ஒன்றாகும்.

ஆய்வகத்தைத் திறப்பது எளிது. மானியம் நின்ற பிறகும், ஆர்வமுள்ள ஆசிரியர் இடமாறுதலில் சென்ற பிறகும், அதைத் திறந்தே வைத்திருப்பது எப்படி என்பதுதான் கடினமான கேள்வி. இக்கேள்விக்கு ஓரளவேனும் விடை தரக்கூடிய அரை நூற்றாண்டு அனுபவம் இந்நாட்டில் உண்டு. அதன் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத்தில் ஈட்டப்பட்டது.

அடல் ஆய்வகம் என்பது என்ன?

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் இத்திட்டத்தைச் செயல்படுத்துகிறது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கானது. தேர்வு செய்யப்படும் பள்ளிக்கு மொத்தம் ரூ.20 லட்சம் வரை மானியம் வழங்கப்படுகிறது. இதில் ரூ.10 லட்சம் கருவிகள் வாங்கி ஆய்வகத்தை அமைப்பதற்கும், எஞ்சிய ரூ.10 லட்சம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கான நடைமுறைச் செலவுக்கும் உரியவை. முப்பரிமாண அச்சு இயந்திரம், ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகைகள், உணரிகள், சிறு மோட்டார்கள், சால்டரிங் கருவிகள், தச்சு வேலைக்கான கைக்கருவிகள் ஆகியவை இங்கு இடம்பெறும். மாணவர்களுக்கு வழிகாட்ட, துறை வல்லுநர்கள் ஊதியமின்றி முன்வரும் தன்னார்வ ஏற்பாடும் திட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அருகிலுள்ள பிற பள்ளி மாணவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்த ஆய்வகங்களின் வாயிலாகப் பயன்பெற்றுள்ளதாக அரசு தெரிவிக்கிறது. 2024 நவம்பரில் இந்த இயக்கத்தை 2028 மார்ச் 31 வரை ரூ.2,750 கோடி ஒதுக்கீட்டில் தொடர மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஜம்மு-காஷ்மீர், லடாக், வடகிழக்கு மாநிலங்கள், வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்கள் ஆகியவற்றுக்கென 2,500 புதிய ஆய்வகங்கள் அமைப்பதும் அதில் அடங்கும்.

எண்ணிக்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. கல்வி அமைச்சகத்தின் 2023-24 தரவின்படி நாட்டில் சுமார் 14.72 லட்சம் பள்ளிகள் உள்ளன. அவற்றில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை அரசுப் பள்ளிகள். தொடக்கப் பள்ளிகளே இவற்றில் மிகுதி என்பதால் நேரடி ஒப்பீடு பொருந்தாது. ஆயினும், திட்டமிட்டபடி 50,000 ஆய்வகங்களும் அமைந்துவிட்டால்கூட, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பள்ளியிலேயே இத்தகைய ஆய்வகத்தைக் காண்பாள் என்பதற்கு உறுதியில்லை. அவளுக்கு அறிவியல் எப்படிச் சென்று சேரும்? இந்தக் கேள்வியை 1972-லேயே எழுப்பியவர்கள் இருந்தனர்.

பதினாறு பள்ளிகளில் தொடங்கியது

அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டம், இன்றைய நர்மதாபுரம். அங்கு ரசூலியாவில் இயங்கிய ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர், பன்கேடியில் இயங்கிய கிஷோர் பாரதி ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசின் அனுமதியுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972-ல் ஒரு சோதனையைத் தொடங்கின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துணை நின்றனர். கிஷோர் பாரதியைத் தோற்றுவித்த அனில் சத்கோபால், டாடா நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்து வெளியேறி இப்பணிக்கு வந்தவர்.

ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று பெயர் பெற்ற இம்முயற்சியில், ஆய்வகத்துக்கெனத் தனி அறை கட்டாயமில்லை. இருக்கும் வகுப்பறையே போதும். மாணவர்கள் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து சோதனைகளைத் தாங்களே செய்தனர். பள்ளிக்கு ஒரு கருவிப் பெட்டி வழங்கப்பட்டது. கை லென்ஸ், சோதனைக் குழாய், காந்தம், கம்பி, நிறங்காட்டி போன்ற எளிய பொருள்கள் அதில் இருந்தன. இலை, விதை, மண், பூச்சி ஆகியவற்றைத் தேடி மாணவர்கள் வெளியே சென்றனர். வயலும் ஓடையும் பாடவேளையில் சேர்ந்தன.

‘பால் வைஞானிக்’ என்ற பாடநூலே இத்திட்டத்தின் உயிர்நாடி. அந்நூலில் சோதனை செய்வதற்கான வழிமுறை இருக்கும், அதையொட்டிய கேள்விகள் இருக்கும், விடை இருக்காது. சோதனை செய்து, பார்த்ததைக் குறித்து, பக்கத்துக் குழுவுடன் வாதிட்டு, வகுப்பு எட்டும் முடிவை மாணவர் தம் நோட்டில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் அந்த நோட்டும் அவரது பாடநூலின் ஒரு பகுதியாகிவிடும். விதை முளைப்பது முதல் நாணயம் சுண்டி நிகழ்தகவைக் கணிப்பது வரை பாடங்கள் இப்படியே அமைந்தன.

தேர்வு முறையையும் அவர்கள் மாற்றினர். எழுத்துத் தேர்வுக்கு நூலையும் நோட்டையும் எடுத்துவர அனுமதி உண்டு. செய்முறைத் தேர்வு தனியே நடந்தது. மனப்பாடம் செய்தவரைவிட, தெரியாத ஒன்றைக் கையில் கொடுத்தால் ஆராயத் தெரிந்தவருக்கே மதிப்பெண் கிடைத்தது. இந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் சில மாதங்களில் கைவிடப்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு; தேர்வில் கேட்கப்படாததைப் பள்ளிகள் நெடுநாள் நடத்துவதில்லை.

கோடை விடுமுறையில் சில வாரங்கள் நீளும் பயிற்சியில் ஆசிரியர்கள் மாணவர்களைப் போலவே குழுவாக அமர்ந்து சோதனைகளைச் செய்தனர். பள்ளி தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை ஏன் தவறியது என்பதைப் பேசித் தீர்த்தனர். பிள்ளைகளின் கேள்விகளுக்கு ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் பதில் கடிதங்கள் அனுப்பப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகள் இந்தியில் எழுதிய கடிதங்களை விஞ்ஞானிகள் படித்து விடை தேடிய ஏற்பாடு அது.

1978-ல் திட்டம் மாவட்டம் முழுமைக்கும் விரிவடைந்தது. அதை முன்னெடுத்துச் செல்ல 1982-ல் ஏகலவ்யா நிறுவனம் உருவானது. பின்னாளில் பிற மாவட்டங்களுக்கும் பரவி, 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்கள் இம்முறையில் பயின்றனர். ஆசிரியர்களும் பள்ளிகளும் அரசுக்குரியவை. பயிற்சியும் பாடநூல் உருவாக்கமும் தன்னார்வ அமைப்பின் பொறுப்பு. இந்தக் கூட்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. இம்முறையில் பயின்றோர் பத்தாம் வகுப்புத் தேர்வில் பின்தங்குகின்றனர் என்ற வாதம் மாவட்ட அளவில் முன்வைக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்ற நிலைப்பாடும் உடன் சேர்ந்தது. ஏகலவ்யா அவ்வாதத்தை மறுத்தது. நாட்டின் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரினர். முடிவு மாறவில்லை. கருவிப் பெட்டிகள் பள்ளிகளில் கிடந்தன. அவற்றைப் பயன்படுத்தும் பாடநூலும் தேர்வும் இல்லாமற்போயின.

ஐம்பதாயிரம் ஆய்வகங்களைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இதில் உள்ளது. ஹோஷங்காபாத் திட்டம் கருவிப் பற்றாக்குறையால் நிற்கவில்லை. எட்டாம் வகுப்புவரை ஒரு தேர்வு முறை, பத்தாம் வகுப்பில் முற்றிலும் வேறொரு தேர்வு முறை என்ற பிளவுக்கு இடையே அது சிக்கிக்கொண்டது. அந்தப் பிளவு இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் அப்படியே உள்ளது.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

அதே ஹோஷங்காபாத்துக்கு 1978-ல் ஓர் இளம் பொறியாளர் வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றிய அரவிந்த் குப்தா, விடுப்பு எடுத்துக்கொண்டு இத்திட்டத்தில் சேர்ந்திருந்தார். ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைத்த பொருள்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற தேடலில், சைக்கிள் வால்வுக்கான மெல்லிய ரப்பர் குழாய் அவர் கண்ணில் பட்டது. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை இருபுறமும் செருகினால் வளையக்கூடிய மூட்டு கிடைக்கிறது.

மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். அதை எப்பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து லேசாகத் தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். ஐங்கோணம் இன்னும் தளர்வானது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் எங்கு நோக்கினும் முக்கோணங்களே தென்படுகின்றன என்பதை இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் பரவலாக்கிய மற்றொரு பொருள் எளிய மின்மோட்டார். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு சிறு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பி, ஒரு ரப்பர் பேண்ட் ஆகியவை போதும். கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஊக்குகளின் துளைகளில் தாங்கச் செய்தால் சுருள் சுழலும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு முனையின் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கத்தில் மட்டும் அதை விட்டுவைக்க வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டிய மாணவரின் மோட்டார் துடித்து நின்றுவிடும். ஏனெனில் சுருள் அரைச் சுற்றுத் திரும்பியதும் காந்தம் அதை எதிர்த்திசையில் தள்ளத் தொடங்குகிறது. சுரண்டாத பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்னோட்டம் நின்றுவிடுவதால் அந்த எதிர்த்தள்ளல் நிகழாமல், சுருள் தன் வேகத்திலேயே கடந்துசெல்கிறது. கடையில் வாங்கிய மோட்டாரில் இதே வேலையைத் திசைமாற்றி செய்கிறது. ஆனால் அது உறைக்குள் மறைந்திருக்கும். ஓடாத மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பத்து நிமிடங்களே இச்சோதனையின் பாடம். ஆசிரியர் தாமே செய்து மேசைமீது ஓடவிட்டுக் காட்டினால் அந்தப் பத்து நிமிடங்கள் மாணவருக்குக் கிடைப்பதில்லை.

புனேயின் வானியல் ஆய்வு மையமான அயூகாவில் செயல்படும் குழந்தைகள் அறிவியல் மையத்தில் குப்தா பின்னாளில் பல ஆண்டுகள் பணியாற்றினார். தம் நூல்களையும் செய்முறைக் காணொலிகளையும் இணையத்தில் விலையின்றி வெளியிட்டார். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பள்ளியைத் தேடி வரும் வண்டிகள்

பள்ளியில் வசதி இல்லையென்றால் வசதியையே பள்ளிக்கு அனுப்புவது மற்றொரு வழி. கொல்கத்தாவின் பிர்லா தொழில்துறை மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-ல் நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கியது. 1978-ல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சில் அமைந்த பிறகு இத்தகைய பேருந்துகள் பல மாநிலங்களிலும் ஓடத் தொடங்கின. 2007 அக்டோபர் 30 அன்று தில்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கும் ஜெர்மனி பிரதமர் ஆங்கெலா மெர்கலும் ‘சயின்ஸ் எக்ஸ்பிரஸ்’ ரயிலைத் தொடங்கிவைத்தனர். அதன் ஒரு பெட்டியில் மாணவர்கள் தாங்களே சோதனை செய்யும் ஆய்வகம் இருந்தது. அந்த ரயிலை நடத்திய ஆமதாபாத்தின் விக்ரம் சாராபாய் சமூக அறிவியல் மையம், பள்ளிக்கு வெளியே அறிவியலைக் கற்பிக்க 1960-களிலேயே தோன்றிய அமைப்பு.

இவ்வழியைப் பெரிய அளவில் எடுத்துச்செல்லும் தன்னார்வ அமைப்புகளில் அகஸ்தியா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் குறிப்பிடத்தக்கது. வங்கித் துறையில் பணியாற்றிய ராம்ஜி ராகவன் 1999-ல் இதைத் தோற்றுவித்தார். ஆந்திரப் பிரதேசத்தின் குப்பம் அருகே 172 ஏக்கரில் இதன் வளாகம் அமைந்துள்ளது. சோதனைப் பொருள்கள் நிறைந்த வேன்கள் கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்குச் செல்கின்றன. வேன் செல்ல முடியாத ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் ஆய்வகம் செல்கிறது. மாலை வேளைகளில் ஊருக்குள்ளேயே கற்பிக்கும் மையங்களும் உண்டு. மாணவர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, பிற மாணவர்களுக்குச் சோதனைகளைக் கற்பிக்கப் பயிற்றுவிப்பது இவ்வமைப்பின் தனித்தன்மை. தெலுங்கோ கன்னடமோ பேசும் பதின்மூன்று வயதுச் சிறுமி, தன் வயதுப் பிள்ளைகளிடம் தன் மொழியில் விளக்கும்போது எழும் கேள்விகள், வெளியூரிலிருந்து வந்த பயிற்றுநரிடம் எழுவதில்லை.

நடமாடும் வண்டிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. வண்டி சென்றுவிட்ட மறுநாள் வகுப்பறை பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த வருகைக்குள் ஆசிரியர் அதைத் தொடரும்படி பயிற்சியளிக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஒரு நாள் வியப்பு பாடமாக மாறும்.

புனே மாவட்டம் பாபல் கிராமத்தில் விஞ்ஞானி ஸ்ரீநாத் கால்பாக் 1983-ல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமம் இதற்கு வேறொரு விடை கண்டது. பட்டறை வேலை, வேளாண்மை, மின்சாரம், உணவும் உடல்நலமும் என ஊருக்கு உண்மையில் தேவைப்படும் பணிகளை மாணவர்கள் செய்து, அதன் வழியே அறிவியலைக் கற்கும் முறை அது. அண்டைப் பள்ளிகளில் 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை வாரத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கப்பட்டது. மகாராஷ்டிர கல்வி வாரியம் இதைப் பாடமாக ஏற்று, பத்தாம் வகுப்புத் தேர்வில் இடமளித்தது. ஹோஷங்காபாத்துக்குக் கிடைக்காதது இந்த அங்கீகாரமே.

இன்று விண்ணப்பிக்கக் கூடியவை

மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில், மாணவர்களின் சொந்த யோசனைகளைப் பள்ளியே இணையவழியில் பரிந்துரைக்கலாம். தேர்வாகும் ஒவ்வொரு யோசனைக்கும் மாதிரி செய்ய ரூ.10,000 மாணவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அதே துறையின் விஞ்ஞான் ஜோதி, 9 முதல் 12-ஆம் வகுப்பு மாணவியருக்கானது. ஜவஹர் நவோதயா பள்ளிகளை மையமாகக் கொண்டு நடைபெறுகிறது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடும் ஜிக்யாசா 2017-ல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை உறைவிட முகாமுக்கு அழைக்கும் இஸ்ரோவின் யுவிகா திட்டம் 2019 முதல் நடைபெறுகிறது. பயணச் செலவும் தங்குமிடமும் இஸ்ரோவின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுசெல்கிறது. பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் பள்ளிதோறும் செல்லும் இம்முறை, அமைப்பில் அடல் ஆய்வகத்தைவிட ஹோஷங்காபாத்துக்கே நெருக்கமானது.

இவற்றில் பலவற்றுக்கு மாணவரோ பெற்றோரோ தனியே முயன்று பயனில்லை. பள்ளியின் பதிவும் தலைமை ஆசிரியரின் பரிந்துரையும் தேவை. கட்டணம் இல்லாத திட்டமும் அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்து நின்றுவிடுவதுண்டு.

நிரப்பப்பட வேண்டியவை

செய்முறைக் கல்வியில் பொருள்கள் தீர்ந்துபோவது இயல்பு. கம்பி அறும், பேட்டரி காலியாகும், அச்சு இயந்திரத்தின் இழை முடியும், சோதனைக் குழாய் உடையும். உடைந்தால் விளக்கம் கேட்கப்படும் என்று அஞ்சும் பள்ளியில் கருவிகள் அலமாரியிலேயே இருந்துவிடுகின்றன. தணிக்கைக்குக் கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகளின் கைக்கு ஒன்றும் வந்திருக்காது. அடல் ஆய்வகங்களுக்கான நடைமுறை மானியம் ஐந்து ஆண்டுகளோடு முடிகிறது என்பதால், ஆறாவது ஆண்டின் பேட்டரிக்கு யார் பணம் தருவது என்பதை அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை மாநில அரசுகளே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றலை எல்லா நிலைகளிலும் வலியுறுத்துகிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் புத்தகப் பையில்லாப் பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறது. பொதுத் தேர்வுகளில் மனப்பாடத்தின் பங்கைக் குறைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த மூன்றாவது பரிந்துரை எந்த வேகத்தில் நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே, ஆய்வகத்துக்கென அட்டவணையில் ஒதுக்கப்படும் பாடவேளை, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்குத் தேர்வுப் பயிற்சிக்குக் கைமாறுமா இல்லையா என்பது முடிவாகும்.

‘பால் வைஞானிக்’ நூல்கள் திட்டம் நின்ற பிறகும் மறையவில்லை. ஏகலவ்யா அவற்றைத் திருத்திப் பதிப்பித்தது. விடை அச்சிடப்படாத அப்பக்கங்களை, விரும்பும் ஆசிரியர் எவரும் இன்றும் தம் வகுப்பில் பயன்படுத்தலாம்.